படகு அடுப்பு மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

6 அடி 10 அங்குல அகலம், 57 அடி நீளம். இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் என்கிற இந்த இரும்புக் கூட்டுக்குள் குளிர்காலத்தைக் கழிப்பவர்களுக்குக் கரியும் விறகும் எரிக்கும் குட்டி அடுப்புதான் உயிர். முழங்கால் உயர வார்ப்பிரும்புப் பெட்டி, 5 அங்குலப் புகைக்குழாய், கூரைக்கு மேல் ஒன்றரை அடிப் புகைபோக்கி. சமாச்சாரம் இவ்வளவுதான். ஆனாலும் நவம்பர் பிறந்தால் அதே நாலைந்து கோளாறுகள் வரிசையாக வந்து நிற்கும். என் படகிலும் பக்கத்தில் கட்டியிருக்கும் படகுகளிலும் அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கை பழகிவிட்டது. பெரும்பாலும் காரணம் சாம்பலாகவோ ஈரமாகவோ இருக்கும். அதனால் காசு செலவில்லாததை முதலில் வைத்திருக்கிறேன். உங்கள் அறிகுறியைத் தேடி, மேலிருந்து கீழாக வாருங்கள். கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

அலாரம் கத்துகிறது

இதற்கு மட்டும் கிளைக் கேள்விகள் கிடையாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினால் எல்லாரும் வெளியே. போகிற போக்கில் முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்துபோட்டுவிட்டுப் போங்கள். ரொட்டி கருகியிருக்கும் என்று பட்டனை அமுக்கி அதன் வாயை மூடாதீர்கள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் இருந்தால் அவசர உதவி எண் 999-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல் வருவதுபோல இருக்கும். கரையில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றால் தெளிகிறது என்றால் அது காய்ச்சல் இல்லை.

இந்த அலாரம் 50 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு வாயு) அளவுக்கு ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் கத்தும். 300-ஐ எட்டினால் 3 நிமிடத்துக்குள் கத்திவிடும். அதாவது பற்றவைத்த சூட்டோடு கத்தினால் விஷயம் பெரிது. காரணம் தெரியும்வரை அடுப்பை மூட்டக் கூடாது. கீழே உள்ள புகைப் பகுதியில் ஆறிய அடுப்பில் பார்க்கக்கூடியதை மட்டும் பகலில், கதவு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பாருங்கள். அதிலும் பிடிபடவில்லையென்றால் ஆளைக் கூப்பிடுங்கள். இதில் சொந்தமாகச் சோதனை செய்துபார்க்க இடமில்லை.

ஒன்று மட்டும் உடனே பார்க்கலாம். சாம்பல் தட்டை வெளியே எடுத்து அறைக்குள்ளேயே ஆறவைத்தீர்களா? கங்கு கலந்த சாம்பல் மணிக்கணக்கில் இந்த வாயுவை விடும். மூடி போட்ட இரும்பு வாளியில் கொட்டி, காற்றோட்டத் துளைகளுக்குத் தள்ளி வெளியே வையுங்கள். வாளிக்கடியில் இரண்டு செங்கல் வைத்தால் கூரை பெயின்ட் தப்பிக்கும்.

பற்றவைத்ததும் அறைக்குள் புகை வருகிறது

*முதல் பத்து நிமிடம் மட்டும் வந்து, பிறகு நின்றுவிடுகிறதா?*

குழாய் குளிர்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான். இரண்டு நாள் அடுப்பு மூட்டாத படகில் குழாய்க்குள் குளிர்ந்த காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு தாள் செய்தித்தாளைக் கசக்கி, அடுப்புக்குள் எவ்வளவு மேலே வைக்க முடியுமோ அவ்வளவு மேலே வைத்துக் கொளுத்துங்கள். குபுக்கென்று இழுத்துக்கொண்டால் பாதை திறந்துவிட்டது. அப்புறம் அடுப்பைத் தலைகீழாக அடுக்குங்கள்: கீழே கட்டை, நடுவில் சுள்ளி, உச்சியில் பற்றவைக்கும் துண்டு. ஊரில் விறகடுப்பை அடியில் கொளுத்தி ஊதுகுழல் பிடித்த கைக்கு இது முதலில் அபத்தமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் புகை பாதியாகிவிடும்.

*எரிந்து அரை மணி ஆகியும் வருகிறதா?*

முதலில் படகில் காற்று உள்ளே வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். சமையல் பக்கம் புகை உறிஞ்சும் விசிறி ஓடினால் நிறுத்துங்கள். ஒரு ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்ததும் புகை நின்றால், யாரோ காற்றோட்டத் துளையைத் துணியால் அடைத்திருக்கிறார்கள். குளிருக்குப் பயந்து நிறையப் பேர் செய்கிற வேலை. துணியை உருவுங்கள், மறுபடி அடைக்காதீர்கள்.

அடுத்தது தடுப்புத் தகடு. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வையுங்கள். நெருப்புக்கு மேலே, குழாய் தொடங்கும் வாய்க்குக் கீழே, படுக்கைவசமாக ஒரு தகடு இருக்கும். அதன் முதுகில் சாம்பலும் கரியும் படிந்துகொண்டே வரும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. என் முதல் குளிர்காலத்தில் புகை தாங்காமல் கூடுதல் உயரத்தில் புதுப் புகைபோக்கி வாங்கி மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. டிசம்பரில் ஒருநாள், அடுப்பு முழுக்க ஆறியிருந்தபோது, உள்ளே கையை விட்டுத் தகட்டைத் தூக்கிச் சாய்த்தேன். ஒரு சொம்பு கொள்ளும் அளவுக்குச் சாம்பல் முழங்கைவரை வழிந்தது. குழாய் வாய் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளிதான் மிஞ்சியிருந்தது. தகட்டைத் தட்டித் திரும்ப மாட்டி மூட்டினேன். கதவைத் திறந்தாலும் புகை எட்டிப்பார்க்கவில்லை. புதுப் புகைபோக்கிக்குக் கொடுத்த காசு கொடுத்ததுதான்.

கரி எரிக்கும் பருவத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை தகட்டை இறக்குங்கள். தகடு வளைந்தோ வெடித்தோ இருந்தால் மாற்றுத் தகடு கிடைக்கும். அடுப்பின் மாடல் பெயரைச் சொல்லி வாங்குங்கள்.

தகடு சுத்தம், இன்னும் புகை என்றால் குழாயைத் துடையுங்கள். 5 அங்குலக் குழாய்க்கு 5 அங்குலத் தூரிகை. கூரையில் புகைபோக்கியைக் கழற்றிவிட்டு மேலிருந்து விடுங்கள். துடைத்த கரியெல்லாம் எங்கே போய் உட்காரும்? அதே தகட்டின் முதுகில். எனவே தகட்டை முதலில் எடுத்துவிட்டுத் துடைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, 'துடைத்தபிறகு இன்னும் மோசமாகிவிட்டது' என்று வந்தவர்கள் உண்டு. குழாய் அடுப்பின் பின்பக்கத்திலிருந்து கிளம்பி வளைந்து மேலே போனால் அந்த வளைவில் கரி குவிந்திருக்கும். கையை விட்டு அள்ளுங்கள்.

*ஒரு சில இடங்களில் படகைக் கட்டும்போது மட்டும் வருகிறதா?*

அடுப்பில் குறையில்லை, இடத்தில்தான். கிராண்ட் யூனியன் கால்வாயில் ட்ரிங் பக்கம் போனால் கால்வாய் ஆழமான வெட்டுக்குள் இறங்கும். இரண்டு கரையிலும் மரம். இப்படிப்பட்ட இடங்களில் காற்று மேலிருந்து விழுந்து புகையைத் திருப்பி அனுப்பும். இன்னொரு அரை அடிப் புகைபோக்கித் துண்டைச் சேர்த்துப் பாருங்கள், அல்லது காற்று மறைக்கும் தொப்பியை மாட்டுங்கள். சுலபம் எதுவென்றால், அடுத்த பாலம்வரை போய்க் கட்டுவதுதான்.

*கதவு மூடியிருக்கும்போதும் இணைப்புகளில் கசிகிறதா?*

இருட்டியபிறகு குழாய் அடுப்பில் செருகும் இடத்திலும், கூரையைத் துளைக்கும் வளையத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். புகை இழை தெரிந்தாலோ பழைய சிமென்ட் உதிர்ந்திருந்தாலோ, அடுப்பு ஆறியதும் சுரண்டிவிட்டுத் தீ தாங்கும் சிமென்ட் பூசலாம். படகு அதிரும், கரையில் இடிக்கும். அதனால் இந்தப் பூச்சு வருடா வருடம் விரிசல் விடும். ஆனால் குழாயிலேயே ஓட்டை, அடுப்பு உடம்பில் வெடிப்பு, வளையம் கூரையோடு ஆடுகிறது என்றால் பூசி மறைக்காதீர்கள். படகுகளில் அடுப்பு பொருத்தும் ஆளைக் கூப்பிடுங்கள். வீட்டு அடுப்பு பொருத்துபவர் வந்தால் 'பி.எஸ். 8511 தெரியுமா?' என்று கேளுங்கள். சிறு படகுகளில் அடுப்பு வைப்பதற்கான பிரிட்டிஷ் விதிமுறை அது. முழித்தால் வேறு ஆள் பாருங்கள்.

இரவு அடுக்கிய தீ காலையில் அணைந்துகிடக்கிறது

அதிகாலை நாலு மணிக்கு மூக்கு நுனி சில்லிட்டு எழுந்திருப்பவர்களுக்கான பகுதி. முதலில் கதவைத் திறந்து உள்ளே என்ன மிச்சம் என்று பாருங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்று அதுவே சொல்லிவிடும்.

*கரி முழுசாக, கறுப்பாகக் கிடக்கிறதா?*

தீக்கு மூச்சு முட்டியிருக்கிறது. சாம்பல் தட்டு நிரம்பி வழிந்திருந்தால் காரணம் அதுவே. புகையில்லாக் கரிக்கு அடியிலிருந்து காற்று வர வேண்டும். படுக்கப் போகுமுன் கம்பித்தட்டை உலுக்கி, சிவந்த கங்கு தட்டில் விழ ஆரம்பித்ததும் நிறுத்தி, தட்டைக் காலி செய்யுங்கள். தட்டு நிரம்பிக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு: அடியில் காற்றுப் போகாமல் கம்பியே சூட்டில் வளைந்துவிடும்.

தட்டு காலி, ஆனாலும் அணைந்ததா? கரியைக் கொட்டியதும் காற்றை மூடியிருப்பீர்கள். கொட்டிய கரி பிடித்துக்கொள்ள இருபது முப்பது நிமிடம் திறந்து வைத்திருக்க வேண்டும். உச்சியில் உள்ள உருண்டைகளின் ஓரம் சிவக்கும்போது மூடுங்கள். அதுவும் முழுக்க மூடாமல் ஒரு நூல் இடைவெளி விட்டு.

அதுவும் சரி என்றால் கரி மூட்டையைத் தூக்கிப் பாருங்கள். 25 கிலோ மூட்டை வழக்கத்தைவிடக் கனக்கிறதா? கரிப்படகுக்காரர் கூரையில் இறக்கிவைத்த பிளாஸ்டிக் மூட்டைகளில் ஊசித்துளைகள் இருக்கும். மழைத் தண்ணீர் இறங்கி அடியில் தேங்கும். மூட்டையின் மூலையில் கத்தியால் கீறினால் கறுப்புத் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கலாம். நாளைக்கு வேண்டியதை இன்றே ஒரு வாளியில் உள்ளே எடுத்துவையுங்கள், அடுப்பை ஒட்டாமல்.

*வெறும் சாம்பல்தான் மிச்சமா?*

காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. தீ இரவு இரண்டு மணிக்கே எல்லாவற்றையும் தின்று முடித்துவிட்டது. அடுப்பு ஆறியபிறகு கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். நாலு பக்கமும் தாள் இறுக்கமாக நிற்க வேண்டும். எங்கே சுலபமாக உருவி வருகிறதோ அங்கே கதவு விளிம்பில் காற்றை அடைக்கும் கயிறு போய்விட்டது. மாற்றுவதற்கு ஒரு மாலைப் பொழுது போதும்: பழைய கயிற்றைப் பிடுங்கி, காடியைச் சுரண்டி, பசை பூசி, புதுக் கயிற்றை இழுக்காமல் படியவைத்து, கதவைச் சாத்தி ஆறவிடுங்கள். கயிற்றை இழுத்துப் பதித்தால் மெலிந்துவிடும். ஒரு மாதத்தில் மறுபடி இதே வேலை. வாங்கப் போகும்போது பழைய கயிற்றுத் துண்டைக் கையோடு கொண்டுபோங்கள், பருமன் ஒரு மில்லி மீட்டர் மாறினாலும் கதவு ஒன்று சாத்தாது அல்லது இறுகாது.

கயிறு நன்றாக இருந்தால் கதவுக் கொண்டியை இறுக்குங்கள். அதற்கும் பிறகு கண்ணாடி ஓரப் பட்டை, கடைசியாக அடுப்பு உடம்பின் இணைப்புகள். இணைப்புகள் விட்டிருந்தால் பிரித்துக் கோக்கும் வேலை; அடுப்பின் வயதைப் பொறுத்து ஆளைக் கூப்பிடுவதா, புது அடுப்பா என்று யோசிக்க வேண்டிய இடம் அது.

*விறகு மட்டும் எரிக்கிறீர்களா?*

விறகு இரவு முழுக்க நிற்காது. மூச்சை அடக்கி நிற்க வைத்தால் தாராகக் குழாயில் ஒட்டும். பகலுக்கு விறகு, இரவுக்குக் கரி. விறகுக்கு மேல் காற்று, சாம்பல் படுக்கை. கரிக்கு அடிக் காற்று, சுத்தமான கம்பி.

பழைய வீட்டு நிலக்கரியைத் தேடி அலையாதீர்கள். இங்கிலாந்தில் மூட்டையில் விற்பது 2021 மே மாதத்தோடும், சில்லறையாக அள்ளி விற்பது 2023 மே மாதத்தோடும் நின்றுவிட்டது. யாராவது பெட்ரோலியம் கோக் (எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) மலிவாகத் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிடுங்கள். அதன் சூட்டுக்குக் கம்பித்தட்டு உருகி வளையும்.

முன்னறை கொதிக்கிறது, படுக்கையறை விறைக்கிறது

பெரும்பாலான படகில் அடுப்பு ஒரு கோடி, கட்டில் மறு கோடி. என் படகில் ஒருநாள் விட்டத்தருகே 31 டிகிரி, அதே இடத்தில் தரையில் 13. சூடு இருக்கிறது, தலைக்கு மேல் சும்மா தொங்குகிறது.

இன்னும் கரி போடுவதால் இது தீராது. உள்கதவுகளைத் திறந்துவையுங்கள். அடுப்பின் சூட்டிலேயே சுற்றும் விசிறியை அடுப்பின் மேல் பின்பக்க ஓரமாக வையுங்கள், முதுகில் குளிர்ந்த காற்று படும்படி. குழாயை ஒட்டி வைத்தால் சரியாகச் சுற்றாது. அது போதவில்லையென்றால் 12 வோல்ட் கணினி விசிறி ஒன்றைப் படுக்கையறைத் தரையில் வைத்து, குளிர்ந்த காற்றை அடுப்புப் பக்கம் தள்ளுங்கள். சூட்டை இழுப்பதைவிடக் குளிரைத் தள்ளுவது சுலபம். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான், செலவும் சொற்பம். பின்கதவு ஓட்டைக்கும் ஜன்னலுக்கும் திரை போடுங்கள்.

இத்தனைக்கும் அசையவில்லையென்றால் சுவரைத் தட்டிப் பாருங்கள். பழைய படகில் பலகைக்குப் பின்னால் குளிரைத் தடுக்க வெறும் பாலிஸ்டைரீன் அட்டை, அதுவும் சரிந்து கிடக்கும். உள்பலகையைப் பிரித்து நுரை அடிப்பது பெரிய செலவு. அதற்குமுன் படகு சர்வேயர் ஒருவர் பார்க்கட்டும்.

கண்ணாடி கறுக்கிறது

விறகு ஈரம். கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் ஈரமானியைக் குத்துங்கள்; வெளிப்பக்கத்தில் குத்தினால் பொய் சொல்லும். 20 சதவீதத்துக்கு மேல் என்றால் அடுத்த வருடத்துக்கு வையுங்கள். கண்ணாடி ஆறியதும் ஈரச் செய்தித்தாளைச் சாம்பலில் தொட்டுத் துடைத்தால் போய்விடும். பாத்திரம் துலக்கிய பரம்பரைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூரையில் காப்பி நிறக் கோடு வழிகிறது

புகைபோக்கிக்குள் குளிர்ந்து சொட்டுகிற தார். ஈர விறகை நிறுத்தினால் குறையும். நிற்கவில்லையென்றால் புகைபோக்கியைக் கழற்றிப் பாருங்கள்: ஒற்றைத் தகடாக இருந்து, வளையத்துக்கு வெளியே மாட்டியிருந்தால் சொட்டுகிற தார் கூரையில்தான் இறங்கும். உள்குழாய் வளையத்துக்குள்ளே இறங்குகிற இரட்டைச் சுவர் புகைபோக்கி வாங்கினால் தார் திரும்ப அடுப்புக்கே போய் எரியும்.

அடுப்பு அடங்க மாட்டேன் என்கிறது

காற்றை மூடியும் தீ எகிறுகிறதா? சாம்பல் கதவு சாத்தியிருக்கிறதா, விளிம்பில் கரித்துண்டு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கதவைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். தீ தணிந்தபிறகு மேலே சொன்ன தாள் சோதனை.

குழாய்க்குள் ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்டால் குழாயில் படிந்த தார் பற்றிக்கொண்டது. காற்றுத் துளைகளை எல்லாம் மூடி, முடிந்தால் கேஸ் சிலிண்டரை மூடி, வெளியேறி 999. படகுக்கு அஞ்சல் குறியீடு கிடையாது. கால்வாயின் பெயரையும் பக்கத்துப் பாலத்தின் எண்ணையும் சொல்லுங்கள். எண் பாலத்தின் மேலேயே பொறித்திருக்கும். எங்கே கட்டினாலும் அந்த எண்ணைச் சாயங்காலமே பார்த்துவைத்துக்கொள்வது என் வழக்கம். அப்புறம் அந்தக் குழாயை வல்லுநர் பார்க்காமல் மறுபடி மூட்டக் கூடாது.

பின்பாய்லர் தடதடக்கிறது

அடுப்புக்குப் பின்னால் தண்ணீர்ப் பெட்டி வைத்து ரேடியேட்டர் ஓட்டுபவர்களுக்கு. தடதடப்பு என்றால் தண்ணீர் கொதிக்கிறது. காற்றை மூடி, பம்பு ஓடுகிறதா என்று குழாயைத் தொட்டுப் பாருங்கள். ஃப்யூஸ் போயிருக்கலாம், பேட்டரி இறங்கியிருக்கலாம். பம்பு ஓடினால் ரேடியேட்டரில் காற்றை எடுத்துவிடுங்கள். மேல்தொட்டி காலியாக இருந்தால், சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், பாய்லர் வெடிக்கும். முழுக்க ஆறட்டும். தண்ணீர் எங்கே போனது என்று தெரியாவிட்டால் நிரப்பி மூட்டுவதும் வேண்டாம். இதற்கு மேல் நான் கை வைப்பதில்லை, ஆளைத்தான் கூப்பிடுகிறேன்.

புகைபோக்கியையே காணோம்

சிரிக்காதீர்கள், வருடத்துக்கு ஒன்றிரண்டு பார்க்கிறேன். தாழ்ந்த பாலம், தொங்கும் வில்லோ மரக் கிளை, ஒரு தட்டு. கால்வாயில் தொபுக்கென்று சத்தம். வளையத்தோடு சேர்த்துக் கட்டும் குட்டிச் சங்கிலி இதற்குத்தான். விழுந்துவிட்டால் உடனே இடத்தைக் குறித்துக்கொண்டு கயிற்றில் காந்தம் கட்டி வீசுங்கள். சாதாரண இரும்புப் புகைபோக்கி ஒட்டிக்கொண்டு வரும். என்னுடையது ஸ்டெயின்லெஸ். அரை மணி நேரம் வீசி, ஒரு சைக்கிள் சக்கரமும், கால்வாய் மதகைத் திறக்கும் இரண்டு லாக் சாவியும் எடுத்தபிறகுதான் அது காந்தத்தில் ஒட்டாது என்று உறைத்தது. கடைசியில் படகுக் கம்பின் கொக்கியால் சேற்றைத் துழாவித்தான் எடுத்தேன்.